ஒன்றும் வராத பதினான்கு மாதங்கள்: கடலூர் வழியாகச் சிதம்பரம்

சிதம்பரம் கோபுர வாசல்களில் இருக்கும் நூற்றெட்டுக் கரணச் சிற்பங்களை, கல்லில் செதுக்கிய அந்த நடன நிலைகளைப் பார்க்க ஆசைப்படாத நடனக்காரர் குறைவு. நானும் மூன்று நான்கு முறை போயிருக்கிறேன். போன பிப்ரவரியில் ஒரு சனி, ஞாயிறு மறுபடியும் போய்வந்தேன். இந்த முறை போனதற்கான காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால், சிதம்பரத்துக்குக் கிளம்பியவள் கடலூரில் ஏன் இறங்கினாள் என்று உங்களுக்குக் குழப்பமாக இருக்கும்.

என் பெயர் பத்மா. வயது நாற்பத்து மூன்று. தாம்பரத்தில் பரதநாட்டிய வகுப்பு நடத்துகிறேன். அதோடு ஆறு பெண்கள் கொண்ட ஒரு சிறிய குழுவும் உண்டு. அந்தக் குழுவுக்குப் புது நடனங்கள் அமைப்பது என் வேலை. அந்த வேலைதான் பதினான்கு மாதமாக நடக்கவில்லை. இசை தயாராக இருந்தது, இருபத்திரண்டு நிமிடம். ஆகஸ்டில் ஒரு விழாவில் மேடையும் கிடைத்திருந்தது. பெண்கள் காலை ஆறு மணிக்கு வந்து சலங்கை கட்டிக்கொண்டு நிற்பார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து அவர்களைப் பார்ப்பேன். ஒன்றும் வராது. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, பழைய தில்லானாவை ஒரு தடவை போடுங்க" என்பேன். அவர்களும் முகத்தில் ஒன்றும் காட்டாமல் ஆடுவார்கள். அந்த மரியாதைதான் எனக்கு அதிகம் வலித்தது.

யோகா செய்து பார்த்தேன், ஒரு மாதம் வகுப்பை மூடிப் பார்த்தேன், மற்றவர்களின் நிகழ்ச்சிகளாகத் தேடித் தேடிப் பார்த்தேன். கடைசியில் ஒரு தோழி, "சிதம்பரம் போய் ரெண்டு நாள் அந்தச் சிலைங்க முன்னாடி நில்லு, தானா வரும்" என்றாள். வீட்டிலும் குழுவிலும் அதையே சொல்லிவிட்டுக் கிளம்பினேன். அது பாதி உண்மை.

சனிக்கிழமை காலை 5.50க்குக் கிளாம்பாக்கத்தில் கடலூர் பேருந்து. கட்டணம் 170 ரூபாய், தூரம் சுமார் 160 கிலோமீட்டர். திண்டிவனம் வரை நன்றாகத் தூங்கினேன். புதுச்சேரியில் பத்து நிமிடம் நின்றது. காபி குடிக்க இறங்குபவர்கள் நடத்துநரிடம் சொல்லிவிட்டு இறங்குங்கள், அவர் தலையை எண்ணிப் பார்ப்பவராகத் தெரியவில்லை. 10.05க்குத் திருப்பாதிரிப்புலியூரில் இருக்கும் கடலூர் பேருந்து நிலையத்தில் இறங்கினேன்.

இனி மீதிப் பாதி உண்மை. கடலூரில் அஞ்சலை இருக்கிறாள்.

அஞ்சலை என் குழுவில் ஒன்பது வருடம் ஆடியவள். தேவனாம்பட்டினத்து மீனவர் குடும்பம். இசைக் கல்லூரியில் படிக்கச் சென்னைக்கு வந்தவள், படிப்பு முடிந்ததும் என்னிடம் சேர்ந்தாள். நான் அமைத்ததாகச் சொல்லப்படும் நடனங்களில் நன்றாக ஓடியது ஒன்று உண்டு: ரேஷன் கடை வரிசையில் நிற்கும் ஆறு பெண்களைப் பற்றிய பதினெட்டு நிமிட நடனம். அதில் எல்லோரும் புகழ்ந்து பேசிய இடம், கடையை மூடியதும் வரிசை கலைகிற ஐந்து நிமிடம். அந்த ஐந்து நிமிடத்தை அமைத்தவள் அஞ்சலை. ஒரு மழைநாள் ஒத்திகையில், "அக்கா, இப்படி இருந்தா?" என்று ஆடிக் காட்டினாள். நான் "அப்படியே வை" என்றேன். என் பங்கு அவ்வளவுதான்.

பிறகு ஒரு பத்திரிகையிலிருந்து பேட்டிக்கு வந்தார்கள். அந்த ஐந்து நிமிடம் எப்படி வந்தது என்று கேட்டார்கள். "ஒரு நாள் காலையில் கண்ணாடி முன்னால் நின்றபோது தானாக வந்தது" என்று சொன்னேன். அதே அறையில், சுவர் ஓரமாக, அஞ்சலை சலங்கையை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. மூன்று வாரம் கழித்து ஊருக்குப் போகிறேன் என்றாள், போய்விட்டாள். கேட்டவர்களிடமெல்லாம் "கல்யாணம் ஆகப்போகுது, அதான்" என்று நான்தான் சொன்னேன். அப்போது அவளுக்கு மாப்பிள்ளையே பார்த்திருக்கவில்லை. பிற்பாடு கல்யாணம் நடந்தபோது குழுவில் மற்ற ஐந்து பேருக்கும் பத்திரிகை வந்தது, எனக்கு வரவில்லை. அதில் ஒன்றிலிருந்து முகவரியைக் குறித்து வைத்திருந்தேன்.

நிலைய வாசலில் ஆட்டோக்காரரிடம் தேவனாம்பட்டினம் என்றேன்.

"சில்வர் பீச்சா மேடம்? இந்நேரத்துக்கு அங்க வெயிலு ஜாஸ்தியா இருக்குமே."

"பீச்சுக்கு இல்லைங்க, ஊருக்குள்ள. குமார்னு ஒருத்தர், ஃபைபர் படகு வச்சிருக்காரு."

"குமாருன்னா அங்க இருவது பேரு இருக்காங்க." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நம்ம டான்ஸ் மிஸ் வூட்டுக்காரரா?" என்றார்.

ஆமாம் என்றேன். நான்கு கிலோமீட்டர், 120 ரூபாய். அவர் பெண் அந்த 'டான்ஸ் மிஸ்'ஸிடம்தான் படிக்கிறாளாம். கெடிலம் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும்போது, "கண்டிப்பு ஜாஸ்திதான், ஆனா புள்ளைங்க அவுங்கள வுட்டு வரமாட்டேங்குதுங்க" என்றார். திரும்பிப் போய்விடலாமா என்று இரண்டு முறை நினைத்தேன்.

வீட்டு வாசலில் குமார் ஐஸ் பெட்டியைக் கழுவிக்கொண்டிருந்தார். என் பெயரைச் சொன்னதும் கையில் இருந்த குழாயை மெதுவாகக் கீழே வைத்தார்.

"பத்மாக்காவா? நீங்களா?"

"ஆமாங்க."

"வரேன்னு சொன்னீங்களா அவகிட்ட?"

"இல்லை."

"சொல்லியிருந்தா வராதீங்கன்னு சொல்லியிருப்பா. அதான் சொல்லல போல." கோபமாகச் சொல்லவில்லை. உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தார். நான் குடித்து முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, "ஸ்கூலுக்குப் போயிருக்கா. ஆண்டு விழா ரிகர்சலு. மஞ்சக்குப்பத்துல" என்று சொல்லி, ஆட்டோக்காரருக்கு வழியும் சொன்னார். நான் ஏறும்போது, "சண்டையெல்லாம் போடமாட்டா. பேசாம இருப்பா. அதுக்குப் பயந்துக்காதீங்க" என்றார்.

பள்ளிக்கூட மைதானத்தில் வேப்ப மரத்தடியில் நாற்பது பிள்ளைகள். ஐந்தாம் வகுப்பு, பையன்களும் பெண்களும் கலந்து. அஞ்சலை தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்து தட்டுக்கழியால் பலகையைத் தட்டிக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்தாள். தட்டுவதை நிறுத்தவில்லை.

அந்தப் பிள்ளைகள் ஆடியதைச் சொல்லியாக வேண்டும். மழைநாள் காலை. பள்ளிக்கு விடுமுறை விடுவார்களா என்று நாற்பது பேரும் சீருடையில் டிவி முன்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். ஓர் ஆசிரியை ஓரமாக நின்று மாவட்டப் பெயர்களைச் செய்தி வாசிப்பவர் மாதிரி படிக்கிறார். "விழுப்புரம்..." நாற்பது கழுத்தும் ஒரு பக்கம் திரும்புகிறது. "மயிலாடுதுறை..." பாதிப் பேர் எழுந்து, பிறகு உட்காருகிறார்கள். "நாகப்பட்டினம்..." ஒருத்தி கண்ணை மூடி வேண்டிக்கொள்கிறாள். அதற்கப்புறம் பதினாறு எண்ணிக்கைக்கு யாரும் அசையவில்லை. தட்டுக்கழியும் நிற்கிறது. முன்வரிசையில் ஒரே ஒரு சிறுமியின் வலது தோள் மட்டும் காதை நோக்கி மெல்ல மெல்ல ஏறுகிறது. "...கடலூர்."

குதிப்பார்கள் என்று நினைத்தேன். குதிக்கவில்லை. நாற்பது பேரும் மிக நிதானமாகப் பையைக் கழற்றி, ஷூவைக் கழற்றி, அப்படியே படுத்து, இல்லாத போர்வையை இழுத்து மூடிக்கொண்டு தூங்கிப்போனார்கள்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, உடம்பும் சிலிர்த்தது. பதினான்கு மாதமாகச் செத்துக் கிடந்த ஏதோ ஒன்று சட்டென்று எழுந்து உட்கார்ந்தது. அந்தத் தோளை என் பெண்களில் யாருக்குக் கொடுக்கலாம், அந்தப் பதினாறு எண்ணிக்கையை எங்கே வைக்கலாம் என்று மனம் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டது. என் கை போனை எடுத்துப் பிடித்திருந்தது. எப்போது எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

"அந்தப் போன உள்ள வைங்கக்கா."

அஞ்சலை குரலை உயர்த்தவில்லை. நாற்பது பிள்ளைகளும் படுத்தபடியே கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார்கள். உள்ளே வைத்தேன். என் வாழ்க்கையில் அவ்வளவு வெட்கப்பட்ட தருணம் வேறு இல்லை. இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். எழுதாவிட்டால் இந்தப் பதிவுக்கு அர்த்தமே இல்லை.

இடைவேளையில் சைக்கிள் நிறுத்தும் கொட்டகைக்கு வந்தாள். நடுவில் இரண்டு சைக்கிள்.

"என்னா விஷயம்க்கா?"

"சிதம்பரம் போறேன். வழியில பாத்துட்டுப் போலாம்னு..."

"ஒன்றரை வருசமா இந்த வழியே இல்லியா?"

அவள் துப்பட்டாவால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"மன்னிப்புக் கேக்க வந்தீங்களா, இல்ல ஸ்டெப்பு எடுத்துக்கினு போவ வந்தீங்களா?"

மன்னிப்புக் கேட்கத்தான் என்று சொல்ல நினைத்தேன். கைப்பையில் போன் சூடாக இருந்தது. "ரெண்டுக்கும்தான்னு நினைக்கிறேன், அஞ்சலை" என்றேன்.

அவள் என்னையே பார்த்தாள். பிறகு சிரித்துவிட்டாள். சந்தோஷச் சிரிப்பு இல்லை, ஆனாலும் சிரிப்பு. "இதையாவது உண்மையா சொன்னீங்களே." மணி அடித்தது. "நாளைக்கு நானும் சிதம்பரம்தான் வரேன். புள்ளைங்களுக்கு டிரஸ் வாடகைக்கு எடுக்கணும். பத்து மணிக்கு கீழ கோபுரத்தாண்ட நில்லுங்க." சொல்லிவிட்டு மைதானத்துக்கு ஓடினாள்.

நகரத்தில் ஒரு மெஸ்ஸில் சாப்பிட்டேன். வஞ்சிரம் வறுவலோடு 210 ரூபாய், மீன் குழம்பு இரண்டு முறை கேட்டு வாங்கினேன். அவமானப்பட்ட நாளில்கூடப் பசிக்கத்தான் செய்கிறது. 2.30க்குச் சிதம்பரம் பேருந்து, 40 ரூபாய். ஏறக்குறைய 45 கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம். முதுநகர் தாண்டி ரசாயன ஆலைகள் இருக்கும் பகுதியில் காற்றில் நெடி அடிக்கும், சன்னல் ஓரம் உட்காருபவர்கள் கைக்குட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு வயலும் தண்ணீருமாகக் கண்ணுக்கு இதமான பாதை.

மேல வீதியில் ஒரு விடுதி, ஏசி இல்லாத அறை 1,100 ரூபாய். குளித்துவிட்டு ஐந்து மணிக்குக் கோயில். கோபுர வாசல் ஒவ்வொன்றிலும் இரண்டு பக்கச் சுவர்களிலும் கட்டங்கட்டமாக, ஒன்றின் மேல் ஒன்றாகக் கரணங்கள். கிழக்குக் கோபுரத்தில் சிற்பங்களோடு சுலோகங்களும் கிரந்த எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். ஒரு மணி நேரம் அண்ணாந்து பார்த்தேன். கால் தலைக்கு மேலே போகிறவள், இடுப்பை ஒடித்து நிற்கிறவள், பக்கத்தில் சின்னதாக மத்தளம் வாசிக்கிறவர்கள். எல்லாம் அற்புதம். எனக்கு வந்தது கழுத்து வலி மட்டும். நிருத்த சபை எதிரிலும் உட்கார்ந்து பார்த்தேன். சிலை முன்னால் நின்றால் தானாக வரும் என்பது என் விஷயத்தில் நடக்கவில்லை. சிலைகளைக் குறை சொல்லவில்லை. மனதில் நான் வேறு ஓர் இடத்தில், இரண்டு சைக்கிளுக்கு இந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தேன்.

ஞாயிறு காலை இட்லியும் கத்தரிக்காய் கொத்சும், 60 ரூபாய். சிதம்பரத்துக்கு வந்து கொத்சு சாப்பிடாமல் போகாதீர்கள். பத்துக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அஞ்சலை வந்தாள், கையில் இரண்டு பெரிய காலிப் பைகள்.

கோபுர வாசலில் கூட்டம் போவதும் வருவதுமாக இருந்தது. சுவர் ஓரமாக ஒதுங்கினோம். ராத்திரி முழுக்க ஒத்திகை பார்த்த வாக்கியங்கள் எல்லாம் மறந்துவிட்டன.

"அந்த அஞ்சு நிமிஷம் உன்னோடது. பேட்டியில நான் பொய் சொன்னேன். நீ அங்கேயே இருந்தே, தெரிஞ்சேதான் சொன்னேன். அப்புறம் நீ ஏன் போனேன்னு கேட்டவங்ககிட்டயும் பொய் சொன்னேன். உன் பேரு மேடைக்கு நல்லா இல்லைன்னு நோட்டீஸ்ல அஞ்சலின்னு போட்டேன், உன்னை ஒரு வார்த்தை கேக்கல. தப்பு, அஞ்சலை. எல்லாமே தப்பு."

அவள், வழி கேட்ட ஒரு குடும்பத்துக்குக் கையைக் காட்டி வழி சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அஞ்சு நிமிசம் இல்லக்கா. ஏழு."

"ஏழா?"

"கடை மூடுறதுக்கு முன்னால, ஒருத்தி பைய இன்னொருத்தி வாங்கி வச்சிக்கினு எடம் புடிப்பா இல்ல, அதுவும் நாந்தான் வச்சேன். ரெண்டு நிமிசம். நீங்க அத மறந்தே பூட்டீங்க."

உண்மை. மறந்தே போயிருந்தேன். அது என் யோசனை என்று மனதார நம்பிக்கொண்டிருந்தேன். பேட்டியில் சொன்ன பொய்யைவிட இது எனக்குப் பெரிய அடியாக இருந்தது. கண்ணில் நீர் வந்துவிட்டது. அவள் பையிலிருந்து தண்ணீர் பாட்டிலை எடுத்துக் கொடுத்தாள், ஆனால் அழாதீர்கள் என்று சொல்லவில்லை.

"நான் என்ன செய்யட்டும், சொல்லு" என்றேன்.

"இனிமே எங்க ஆடுனாலும் அந்த ஏழு நிமிசத்துக்கு எம் பேரு போடுங்க. முழுப் பேரு. என்னைத் திரும்பக் கூப்புடாதீங்க, வரமாட்டேன். கோவத்துல சொல்லல. இங்க எனக்கு வேல இருக்குது, புள்ளைங்க இருக்குது. நல்லாவே இருக்கறேன்."

அங்கேயே நின்று ஆகஸ்ட் விழாக்காரர்களுக்குச் செய்தி அடித்தேன். புது நடனம் தயாராகவில்லை, பழைய ரேஷன் கடை நடனத்தையே ஆடுகிறோம், அதில் ஏழு நிமிடம் அமைத்தவர் பெயர் இது, அழைப்பிதழில் வர வேண்டும் என்று. அனுப்பும் முன் அவளிடம் காட்டினேன். மெதுவாகப் படித்தாள். "அனுப்புங்க" என்றாள்.

பிறகு வாடகை உடைக் கடைக்குப் போனோம். கீழ வீதியிலிருந்து ஒரு சந்துக்குள் நடந்து ஐந்து நிமிடம். இறைவணக்க நடனத்துக்குப் பன்னிரண்டு செட். அவள் பிள்ளைகளின் அளவை மனப்பாடமாகச் சொல்லச் சொல்ல, நான் ஒவ்வொன்றாக விரித்து ஊக்கு, கொக்கி, கிழிசல் எல்லாம் சரிபார்த்தேன். ஒன்பது வருடம் நாங்கள் சேர்ந்து செய்த வேலைதான். ஆனால் அப்போதெல்லாம் சரிபார்க்கிறவள் அவள், உட்கார்ந்திருப்பவள் நான்.

"புதுசு ஏன் வரல?" என்று ஒரு பாவாடையை மடித்துக்கொண்டே கேட்டாள்.

"தெரியல. பொண்ணுங்கள நிக்க வச்சுப் பாக்கறேன். ஒண்ணும் தோணல."

"நீங்க நிக்க மாட்டீங்களா?"

எனக்கு முப்பத்தைந்து வயதில் வலது முட்டியில் அறுவை சிகிச்சை நடந்தது. அதற்குப் பிறகு நாற்காலிதான். அவளுக்கும் அது தெரியும்.

"நீங்க எழுந்து ஆடி நான் பாத்ததே கம்மிக்கா. நாங்க ஆடுவோம், நீங்க வேணுங்கறத எடுத்துப்பீங்க. நான் போனதும் எடுத்துக்கறதுக்கு ஆளு இல்ல. அவ்ளோதான்." குத்திக் காட்டுகிற குரலில்லை. உடை அளவு சொன்ன அதே குரல். "நீங்களா நின்னு பாருங்களேன் ஒரு தடவ. முட்டி எவ்ளோ வுடுதோ அவ்ளோ."

12.40 பேருந்தில் அவளை ஏற்றிவிட்டேன். இரண்டு பைகளையும் நான்தான் மேலே தூக்கிக் கொடுத்தேன். சன்னல் வழியாக, "வெயில்ல நிக்காதீங்க, போங்க" என்றாள்.

கோயில் நடை பன்னிரண்டுக்குச் சாத்தினால் மாலைதான் திறக்கும். வேறு வேலை இல்லை. அறைக்கு வந்து கட்டிலைச் சுவரோடு தள்ளினேன். எட்டுக்கு ஆறடி இடம் கிடைத்தது. நின்றேன். கால் மணி நேரம் சும்மாவே நின்றேன். அரைமண்டி உட்கார்ந்து பார்த்தேன், முட்டி கத்தியது. தட்டடவு போட்டேன், நாலாவது எண்ணிக்கையில் மூச்சு வாங்கியது. என்னைப் பார்த்து எனக்கே பரிதாபமாக இருந்தது. தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தண்ணீர் குடிக்க எழுந்தேன். வலது கை தானாகத் தொடையில் ஊன்றியது, இடது கை சுவரைத் தேடியது, இடுப்பு முதலில் ஒரு பக்கம் போய், தலை கடைசியில் வந்தது. எட்டு வருடமாக நான் இப்படித்தான் எழுந்திருக்கிறேன். மாணவிகள் முன்னால் மட்டும் அதை மறைப்பேன், யாரும் இல்லாதபோதுதான் எழுவேன். தண்ணீர் குடிக்கவில்லை. மறுபடி உட்கார்ந்தேன். மறுபடி எழுந்தேன், இந்த முறை எண்ணிக்கொண்டு. பன்னிரண்டு எண்ணிக்கை. கையைக் கொஞ்சம் முன்னதாக அனுப்பினேன். சுவரைத் தேடும் கை கிடைக்காமல் திரும்பி வந்தால் என்ன என்று பார்த்தேன். எழுந்து முடித்ததும் ஒரு மிதி கொடுத்தேன்.

அறைத் தொலைபேசி அடித்தது. "மேடம், கீழ் ரூம்ல சத்தம் ஜாஸ்தியா வருதாம். எதுனா நவுத்தறீங்களா?"

மன்னிப்புக் கேட்டுவிட்டு மிதியை எடுத்துவிட்டேன். சத்தமில்லாமல் பாதத்தை வைக்க வேண்டியிருந்ததால் எடை முழுக்க மெதுவாக இறங்கியது. முட்டிக்கும் அது பிடித்திருந்தது. நாலரை மணிக்குப் பார்த்தபோது முப்பத்திரண்டு எண்ணிக்கை கைவசம் இருந்தது. ரவிக்கை முழுக்க வேர்வை. அரை நிமிடம்தான் ஓடும். ஆனால் அதில் யாருடைய ஏழு நிமிடமும் இல்லை.

போனைச் சாய்த்து வைத்து என்னை நானே படம் எடுத்தேன். ரொம்ப நேரம் தயங்கி அஞ்சலைக்கு அனுப்பினேன். 5.15 பேருந்தில், சீர்காழிப் பக்கமிருந்து வந்த கூட்டத்தோடு இடித்துக்கொண்டு இடம் பிடித்து உட்கார்ந்திருந்தபோது குரல் செய்தி வந்தது.

"பாத்தேன்க்கா. நடுவுல ரெண்டு எடத்துல அழகா தெரியணும்னு கைய நீட்டுறீங்க, அத எடுத்துடுங்க. மத்தது இருக்கட்டும். அவுரும் பாத்தாரு. அந்தக்காவுக்கு முட்டி ரொம்ப வலிக்குதான்னு கேக்கறாரு."

கிளாம்பாக்கம் வரும்வரை அதை ஐந்தாறு முறை கேட்டிருப்பேன்.

இனி போகிறவர்களுக்குச் சில விவரங்கள். கட்டணங்கள் எல்லாம் நான் போன நாளில் கொடுத்தவை, மாறியிருக்கலாம். சிதம்பரத்திலிருந்து கிளாம்பாக்கத்துக்கு 225 ரூபாய், ஐந்தேகால் மணி நேரம். ரயிலில் போக நினைப்பவர்கள் முன்பதிவு செய்துவிடுங்கள், சனி ஞாயிறில் நிற்கவும் இடம் இருக்காது. கரணச் சிற்பங்களைப் பார்க்கக் காலை எட்டுக்கு முன் போனால் கிழக்கு வாசலில் வெளிச்சம் நன்றாக விழும். மேல் கட்டங்களைப் பார்க்கச் சிறிய பைனாகுலர் இருந்தால் கழுத்து பிழைக்கும். கோயிலுக்குள் படம் எடுக்க அனுமதி இல்லை. கோபுர வாசலில் எடுப்பதானால் கேட்டுக்கொண்டு எடுங்கள். எங்கேயும் கேட்டுக்கொண்டு எடுப்பது நல்லது என்பதை நான் தாமதமாகக் கற்றுக்கொண்டேன். சிவராத்திரியை ஒட்டிப் போனால் அறை கிடைப்பது கஷ்டம். கடலூரில் ஒரு வேளையாவது மீன் சாப்பிடுங்கள்.

என்னைப் போல ஒன்றும் வராமல் தவிப்பவர்களுக்கு ஒன்று சொல்லலாமா என்று தெரியவில்லை. எல்லோருக்கும் காரணம் ஒன்றாக இருக்காது. சிலருக்கு வெறும் களைப்பாக இருக்கலாம், அவர்கள் தூங்கினால் போதும். எனக்கு அப்படி இல்லை. ஒருத்தியிடம் போய் நிற்கப் பயந்து, பதினான்கு மாதம் எனக்குக் கற்பனை வற்றிவிட்டது என்று நினைத்துக்கொண்டிருந்தேன். உங்களுக்கும் அப்படி யாராவது இருந்தால், சிலைகளைப் பார்க்கும் முன் அவர்களைப் போய்ப் பாருங்கள். மன்னிக்காமலும் போகலாம். அஞ்சலை என்னை மன்னித்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது, நானும் கேட்கவில்லை. மாதம் ஒருமுறை பேசிக்கொள்கிறோம்.

அந்த முப்பத்திரண்டு எண்ணிக்கை இப்போது பதினோரு நிமிட நடனம். போன மாதம் வகுப்பறையிலேயே, பாய் விரித்து, மாணவிகளின் பெற்றோர் முப்பது பேருக்கு ஆடிக் காட்டினேன். எட்டு வருடத்துக்குப் பிறகு நானே ஆடினேன். முடித்ததும் கைதட்டல் சுமாராகத்தான் வந்தது, எனக்கும் சப்பென்றாகிவிட்டது. பிறகு எல்லோரும் வீட்டுக்குக் கிளம்பப் பாயிலிருந்து எழ ஆரம்பித்தார்கள். பின்வரிசையில் ஓர் அம்மா தொடையில் கையை ஊன்றினார், இன்னொரு கையால் சுவரைத் தேடினார், பாதியில் அப்படியே நின்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அவர் சிரிக்க, பக்கத்தில் அதே மாதிரி எழுந்துகொண்டிருந்தவரும் சிரிக்க, கொஞ்ச நேரத்தில் அறை முழுவதும் பாதி எழுந்த நிலையில் நின்று சிரித்துக்கொண்டிருந்தது.